எதுல ஸ்ட்ரிக்ட்டு இந்தக் காலேஜ்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப் தூங்காது. எந்தக் காலேஜ், எந்த பிராஞ்ச், பீஸ் எவ்வளவு, காலேஜ் பஸ் நம்ம ஏரியாவுக்கு வருதா... நடுராத்திரியிலயும் மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கும். யாராவது ஒரு காலேஜ் பேரைப் போட்டா போதும், எங்க பெரியப்பா உடனே வந்து சொல்லிருவார்:

"கண்ண மூடிக்கிட்டு சேத்து விடுங்க. ரொம்ப ஸ்ட்ரிக்ட்டான காலேஜ்."

இந்தத் தடவை நான் கேட்டுட்டேன். "எதுல ஸ்ட்ரிக்ட்டு பெரியப்பா?"

பதில் வரிசையா வந்துச்சு. பசங்களும் பொண்ணுங்களும் பேசிக்க முடியாது. படிக்கட்டே தனித்தனி. போன் பிடிச்சா செமஸ்டர் முடியற வரைக்கும் திருப்பித் தர மாட்டாங்க. தாடி வச்சா கேட்லயே நிறுத்திருவாங்க. ஐடி கார்டு டேக் கழுத்துல இல்லன்னா ஃபைன். சனிக்கிழமையும் கிளாஸ். ஹாஸ்டல்ல பொண்ணுங்க ஆறரைக்குள்ள உள்ள வந்துரணும்.

அவ்வளவு பெரிய பட்டியல்ல ஒரு வரி கூட ராகிங் பத்தி இல்ல. ஒரு வாத்தியார் தப்பா நடந்துக்கிட்டா என்ன செய்வாங்கங்கறது பத்தி இல்ல. இன்டர்னல் மார்க்க வச்சு மிரட்டறவங்கள என்ன செய்வாங்கன்னு இல்ல. மெஸ் சாப்பாட்ட யாரு செக் பண்றாங்கன்னு கூட இல்ல.

எனக்கு அங்கதான் கோவம் வந்துச்சு. இத எழுத உக்காந்ததும் அதனாலதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். காலேஜ்ல ரூலே இருக்கக்கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஆயிரக்கணக்கான பிள்ளைங்க ஒரே இடத்துல இருக்காங்க. ரூல் வேணும், அதக் கண்டிப்பா நடத்தவும் வேணும். எந்த ரூல கண்டிப்பா நடத்தறாங்க, யார் மேல நடத்தறாங்க, எப்படி நடத்தறாங்கங்கறதுதான் என் கேள்வி.

இது எனக்கு வெறும் அபிப்பிராயமா இருந்தது. எங்க அக்கா பொண்ணுக்கு நடந்ததப் பாத்தப்புறம் விஷயமே வேறயாயிருச்சு.

அவ ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல செகண்ட் இயர். (எந்தக் காலேஜ்னு சொல்லப் போறதில்ல. அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான் படிக்கறா.) பைபாஸ் ரோட்ட விட்டு உள்ள தள்ளி இருக்கற கேம்பஸ். ஒரு சனிக்கிழமை அவுட்பாஸ் வாங்கிட்டு கண்ணாடி மாத்தறதுக்காக டவுனுக்குப் போயிருக்கா. திரும்பி வரும்போது பஸ் பிரேக் டவுன். அங்கயும் பொண்ணுங்க ஆறரைக்குள்ள உள்ள வந்துரணும். அடுத்த பஸ் பிடிச்சு வந்து சேர்றப்போ இருபது நிமிஷம் லேட்.

செக்யூரிட்டி கேட்டத் திறக்கல. "வார்டன் மேடம் சொல்லாம திறக்க முடியாதும்மா"ன்னுட்டார். மேடம் ரோல் கால் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அது முடியற வரைக்கும் இவளும் இன்னும் சில பொண்ணுங்களும் ரோட்டுல நின்னுருக்காங்க. அந்த ரோட்டுல தெருவிளக்கு சரியா எரியாது. லாரி போகும், பைக்ல போறவன் வேகத்தக் குறைச்சு ஒரு பார்வை பாத்துட்டுப் போவான்.

இத கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பொண்ணுங்க பாதுகாப்புக்குன்னு ஒரு ரூல் போட்டிருக்காங்க. அந்த ரூலே பொண்ணுங்கள இருட்டுல, கேட்டுக்கு வெளிய நிக்க வச்சிருக்கு.

அதுக்கப்புறம் வழக்கமான சடங்கு. வீட்டுக்கு போன். அப்பாலஜி லெட்டர். 500 ரூபா ஃபைன். ஒரு மாசம் அவுட்பாஸ் கட். அவ பையில பஸ் டிக்கெட் இருந்துச்சு. ஒருத்தரும் அத வாங்கிப் பாக்கல.

மைதானத்துக்கு அந்தப் பக்கம் பசங்க ஹாஸ்டல். அங்க கேட் ஒன்பது மணி வரைக்கும் திறந்துதான் இருக்கும்.

அக்கா போன்ல அழுதா. அதே மூச்சுல, "காலேஜ்னா கண்டிப்பா தானடி இருப்பாங்க"ன்னும் சொன்னா. எனக்கு அந்த ரெண்டாவது வாக்கியந்தான் தாங்க முடியல.

சரி, ஏதாவது செய்யணும்னு இறங்கினோம்.

முதல்ல நான் வார்டனுக்கு போன் பண்ணேன். அவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். நூத்துக்கணக்கான பொண்ணுங்களுக்கு ஒரு மனுஷி. எது நடந்தாலும் முதல் கேள்வி அவங்க மேலதான் விழும். "மேடம், இது மேனேஜ்மென்ட் ரூல், நான் என்ன பண்றது?"ன்னாங்க. பேச்சு அதோட நின்னுருச்சு.

அடுத்தது எங்க மாமா கிளம்பிப் போனார், நேரா பிரின்சிபால் ரூமுக்கு. அவர் சத்தம் போட, அவங்க சத்தம் போட, கடைசியில எங்க பொண்ணுக்கு "எதிர்த்துப் பேசற பார்ட்டி"ன்னு பேர் வந்ததுதான் மிச்சம். "சித்தி, ப்ளீஸ், விட்டுருங்க. இன்டர்னல்ல கை வச்சிருவாங்க"ன்னு அவ கெஞ்சினா.

இந்த பயத்த நான் பெருசா எடுத்துக்கறேன். பத்தொன்பது வயசுப் பொண்ணு, நியாயம் தன் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சும் வாயத் திறக்க பயப்படறா. காலேஜ் அவளுக்கு அந்த பயத்தத்தான் சொல்லிக் குடுத்திருக்கு.

சத்தம் போட்டு ஆகாதுன்னு தெரிஞ்சப்புறம் நான் படிக்க ஆரம்பிச்சேன். ரூல் ரூல்ங்கறாங்களே, அந்த ரூலுக்கெல்லாம் மேல என்ன ரூல் இருக்குன்னு பாக்கலாம்னு. பாத்ததுல எனக்கு ஆச்சரியம். நம்மகிட்ட யாருமே சொல்லாத விஷயம் அவ்வளவு இருக்கு.

யுஜிசி 2015ஆம் வருஷத்து ஒழுங்குமுறைன்னு ஒண்ணு போட்டிருக்கு (அரசிதழ்ல வந்தது 2016 மே மாசம்). பல்கலைக்கழகங்கள்ல, காலேஜ்கள்ல பாலியல் துன்புறுத்தலத் தடுக்கறதுக்கான விதிகள். அதுல தெளிவா எழுதியிருக்கு: மாணவிகளோட பாதுகாப்பக் காரணம் காட்டி, பசங்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகள பெண்கள் ஹாஸ்டல்ல போடக்கூடாது. பாதுகாப்புங்கற பேர்ல ஓவரா கண்காணிக்கறதோ, போக வர இருக்கற சுதந்திரத்தக் குறைக்கறதோ கூடாதுன்னும் சேத்தே சொல்லியிருக்கு.

அப்ப ஒரு பக்கம் ஆறரை, இன்னொரு பக்கம் ஒன்பது. இதுல விதிய மீறினது யாரு?

இது எங்க வீட்டுப் பிரச்சனை மட்டும் கிடையாது. 2015ல டெல்லியில ஜாமியா மில்லியா பல்கலைக்கழகம் ஹாஸ்டல் மாணவிகளுக்கு இருந்த லேட் நைட் அனுமதிய எடுத்தப்போ கிளம்பின போராட்டந்தான் 'பிஞ்ச்ரா தோட்'. அது ஒரே காலேஜோட நிக்காம பல ஊர் மாணவிகள்கிட்ட பரவுச்சு.

பக்கத்துல கேரளாவையே பாருங்க. 2019ல கோழிக்கோடு பக்கம் ஒரு காலேஜ் பெண்கள் ஹாஸ்டல்ல சாயங்காலம் ஆறு மணியிலருந்து பத்து மணி வரைக்கும் போன் தொடக்கூடாதுன்னு ரூல். பி.ஏ. இங்கிலீஷ் படிச்ச ஒரு மாணவி, படிக்கறதுக்கே எனக்கு அது வேணும், ஒப்படைக்க மாட்டேன்னு சொன்னா. ஹாஸ்டல விட்டு வெளிய அனுப்பிட்டாங்க. அவ கோர்ட்டுக்குப் போனா. அந்த வருஷம் செப்டம்பர்ல நீதிபதி பி.வி.ஆஷா தீர்ப்பு சொன்னாங்க: இன்டர்நெட்ட பயன்படுத்தற உரிமை, கல்வி உரிமைக்குள்ளயும் அந்தரங்க உரிமைக்குள்ளயும் வருது, அந்தப் பொண்ண ஹாஸ்டல்ல திரும்பச் சேருங்க. அதே சமயம் மத்தவங்களுக்குத் தொந்தரவு இல்லாம பயன்படுத்தணும்னும் சொன்னாங்க. எனக்கு அந்தத் தீர்ப்புல பிடிச்சதே அதுதான். உரிமைய ஒத்துக்கிட்டு, பக்கத்து ரூம்காரியையும் மறக்கல.

2022ல கோழிக்கோடு அரசு மெடிக்கல் காலேஜ் மாணவிகள், ராத்திரி கேட் பூட்டற நேரத்த எதிர்த்து கோர்ட்டுக்குப் போனாங்க. ஏன் பொண்ணுங்களுக்கு மட்டும் கட்டுப்பாடுன்னு நீதிபதி தேவன் ராமச்சந்திரன் கேட்டார். அந்த டிசம்பர்ல கேரள அரசு, ரெண்டு ஹாஸ்டலுக்கும் ஒரே நேரம்னு உத்தரவு போட்டுச்சு.

கவனிச்சீங்களா? நேரமே வேண்டாம்னு யாரும் சொல்லல. ரெண்டு பேருக்கும் ஒரே நேரம். கேட்டது அவ்வளவுதான்.

சரி, இப்ப பெரியப்பா பட்டியல்ல வராத விஷயத்துக்கு வர்றேன்.

ராகிங்.

எங்க தலைமுறைக்கு நாவரசுங்கற பேர் மறக்காது. 1996 நவம்பர்ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல, ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜ்ல முதல் வருஷம் சேர்ந்த பையன். ராகிங்ல கொலை செய்யப்பட்டான். அவங்க அப்பா அப்போ சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஒரு துணைவேந்தரோட பிள்ளைக்கே ஹாஸ்டல்ல பாதுகாப்பு இல்லன்னா மத்தவங்க பிள்ளைங்க கதி என்னன்னு தமிழ்நாடே பதறுச்சு. எங்க வீட்டுல அந்த மாசம் பேப்பர் வந்தா அம்மா முதல்ல அந்தச் செய்தியத்தான் தேடுவாங்க. அதுக்கப்புறந்தான் நம்ம மாநிலத்துல ராகிங்க தடை செய்யற சட்டம் 1997ல வந்துச்சு. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 ரூபா வரைக்கும் அபராதம். தண்டனை ஆனவன வேற எந்தக் காலேஜ்லயும் சேத்துக்கக்கூடாது.

அந்தச் சட்டத்துல இன்னொரு பிரிவு இருக்கு. அத ஒவ்வொரு பெத்தவங்களும் தெரிஞ்சு வச்சுக்கணும். புகார் வந்தும் நிர்வாகத்துல தலைமையில இருக்கறவர் நடவடிக்கை எடுக்காம விட்டா, அவரும் ராகிங்குக்கு உடந்தையா இருந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும்.

அப்புறம் 2009 மார்ச்சுல இமாச்சலப் பிரதேசத்துல அமன் கச்ருங்கற மெடிக்கல் மாணவன் ராகிங்ல செத்துப் போனான். அந்த வருஷமே யுஜிசி நாடு முழுக்க ஒரே ஒழுங்குமுறை கொண்டு வந்துச்சு. குற்றமா இருக்கற ராகிங் பத்தித் தகவல் கிடைச்ச 24 மணி நேரத்துக்குள்ள காலேஜ் தலைமை போலீஸ்ல எஃப்ஐஆர் போட ஏற்பாடு பண்ணணும். மாணவரும் பெத்தவங்களும் உறுதிமொழிப் பத்திரம் குடுக்கணும். ஹெல்ப்லைன் நம்பர் 1800-180-5522. (போன்ல சேவ் பண்ணிக்கோங்க. பிள்ளைங்க போன்லயும்.)

எங்க பொண்ணு காலேஜ்லயும் அந்த உறுதிமொழிப் பத்திரம் வாங்கினாங்க. அட்மிஷன் அன்னிக்கு கட்டுக் காகிதத்தோட காகிதமா நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து"ன்னாங்க. என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் விளக்கல. ஆண்டி ராகிங் கமிட்டியில யாரு இருக்காங்கன்னு ஒரு போர்டு இருக்கு, ஆனா அதுல இருக்கற ஒரு புரொபசர் போன வருஷமே வேற காலேஜுக்குப் போயிட்டாராம்.

அதே காலேஜ்ல ஐடி கார்டு டேக் இல்லாத பையன் கேட்லருந்து பத்தடி தாண்ட முடியாது.

ஆள் இருக்கு, நேரம் இருக்கு, ரெஜிஸ்டர் இருக்கு. எல்லாம் டேக் மேலயும் தாடி மேலயும் செலவாகுது. இதுதான் என் மனசுல உறுத்தறது. 2005ல அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-ஷர்ட் போடக்கூடாதுன்னு சொன்னப்போ நடந்த விவாதம் ஞாபகம் இருக்கறவங்க இருப்பீங்க. எத்தன கட்டுரை, எத்தன டிவி பேட்டி! அந்த அளவு சத்தத்தோட இந்தப் புகார் கமிட்டிங்கள பத்தி நம்ம ஊர்ல என்னிக்காவது பேசியிருக்கோமா?

புகார் கமிட்டின்னதும் அடுத்தது. உள்ளகப் புகார் குழு, எல்லாரும் ஐசிசின்னு சொல்றது. அதுக்கும் அந்த 2015 ஒழுங்குமுறையில விதி இருக்கு. தலைவரா ஒரு சீனியர் பெண் பேராசிரியர். வெளியிலருந்து ஒரு உறுப்பினர். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம்னா மூணு மாணவர் பிரதிநிதிங்க, அதுவும் தேர்தல் வச்சு வந்தவங்க. துணைவேந்தர், ரிஜிஸ்ட்ரார், டீன், எச்ஓடி மாதிரி அதிகாரத்துல இருக்கறவங்க உறுப்பினரா இருக்கவே கூடாது. புகார் வந்தா 90 நாளுக்குள்ள விசாரணைய முடிக்கணும்.

அக்கா பொண்ணுகிட்ட கேட்டேன், "உங்க ஐசிசியில ஸ்டூடண்ட் ரெப் யாரு?"

"அப்படி ஒண்ணு இருக்கா சித்தி?"ன்னா.

மெஸ்ல பொண்ணுங்க பக்கத்துல நின்னு எந்தப் பையன் பேசினான்னு காலேஜுக்குத் தெரியுது. சட்டப்படி நடத்த வேண்டிய தேர்தல் நடந்துச்சான்னு மாணவிக்குத் தெரியல.

இப்ப தண்டனைக்கு வருவோம். "ரூல் மீறினா தண்டனை குடுக்கத்தானே செய்வாங்க?"ன்னு கேப்பீங்க. குடுக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை, "என்னம்மா ஆச்சு?"ன்னு கேக்கணும். இத நானா சொல்லல. 1962லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. உத்தரப் பிரதேசத்துல பரீட்சையில முறைகேடு பண்ணதா சொல்லி சில மாணவர்களோட ரிசல்ட்ட கேன்சல் பண்ணிட்டாங்க. அவங்க தரப்ப ஒரு வார்த்தை கேக்கல. அது செல்லாதுன்னுருச்சு கோர்ட்.

"அப்ப ஒவ்வொரு ஃபைனுக்கும் காலேஜ் கோர்ட் நடத்தணுமா?"

வேணாம். அதுக்கும் பதில் இருக்கு. 1972ல ராஞ்சியில ஒரு மெடிக்கல் காலேஜ்ல சில பசங்க ராத்திரி மாணவிகள் ஹாஸ்டல்குள்ள புகுந்து அசிங்கமா நடந்துக்கிட்டாங்க. 36 மாணவிகள் புகார் குடுத்தாங்க. விசாரணைக் குழு அந்தப் பொண்ணுங்கள தனியா விசாரிச்சுது, போட்டோ காட்டி அடையாளம் கேட்டுது, பேர வெளிய விடல. பசங்ககிட்ட குற்றச்சாட்ட சொல்லி அவங்க பதிலையும் வாங்குச்சு. ரெண்டு வருஷம் நீக்கிட்டாங்க. "எங்க முன்னாடி அந்தப் பொண்ணுங்கள விசாரிக்கல, எங்கள குறுக்கு விசாரணை பண்ண விடல"ன்னு பசங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. 1973ல கோர்ட், காலேஜ் செஞ்சது சரின்னு சொல்லிருச்சு. அந்தச் சூழ்நிலையில பொண்ணுங்கள அவங்க முன்னாடி நிறுத்தச் சொல்றது நியாயம் இல்ல, பசங்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்பு குடுத்தாச்சு, அது போதும்.

எனக்கு இந்தத் தீர்ப்ப படிச்சப்போ அவ்வளவு நிறைவா இருந்துச்சு. அம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலேஜ், கேமரா இல்ல, இன்னிக்கு இருக்கற சட்டம் எதுவும் இல்ல, ஆனா எங்க கண்டிப்பா இருக்கணுமோ அங்க கண்டிப்பா இருந்திருக்கு. கேட்டிருக்கு, விசாரிச்சிருக்கு, புகார் குடுத்தவங்கள காப்பாத்தியிருக்கு, அப்புறம் தண்டிச்சிருக்கு. நான் மதிக்கற கண்டிப்பு அதுதான்.

நல்ல ரூலும் நிறைய இருக்கு, அதையும் சொல்லணும். ஐஐடி மெட்ராஸ்ல மாணவர்கள் பைக் வச்சுக்க முடியாது. கிண்டி தேசியப் பூங்காவ ஒட்டின இடம், புள்ளிமானும் வெளிமானும் கேம்பஸ்குள்ள நடமாடும். எல்லாரும் சைக்கிள் மிதிக்கறாங்க, இல்லன்னா கேம்பஸ் பஸ்ல போறாங்க. ஏன் இந்த ரூல்னு யாருக்கும் லெக்சர் எடுக்க வேண்டியதில்ல, மான் குறுக்க ஓடறதக் கண்ணால பாத்துக்கிட்டே இருக்காங்க.

அட்டென்டன்ஸ் ரூலையும் நான் ஆதரிக்கறேன். (பிள்ளைங்க இங்க என்னத் திட்டிக்கலாம்.) அண்ணா பல்கலைக்கழகத்துல 75 சதவீதம் வேணும். உடம்பு சரியில்லாம போனவங்களுக்கும் விளையாட்டுக்குப் போனவங்களுக்கும் 65 வரைக்கும் சலுகை உண்டு. அதுக்குக் கீழ போனா அந்த செமஸ்டரத் திரும்பப் படிக்கணும். கஷ்டமான ரூல்தான். ஆனா எழுத்துல இருக்கு, பொண்ணு பையன் வித்தியாசம் இல்ல, விதிவிலக்கு யாருக்குன்னும் முன்னாடியே எழுதியிருக்கு. ஒரு எச்ஓடிக்கு அன்னிக்கு மூடு சரியில்லங்கறதால அது மாறாது.

கரஸ்பாண்டன்ட் காரு வரும்போது எழுந்து நிக்கலன்னு ஃபைன் போடற காலேஜும் இருக்கு. அந்த ரூல் எந்தப் புத்தகத்துலயும் கிடைக்காது.

இப்ப அக்காவோட பயத்துக்கு வர்றேன், ஏன்னா அத தள்ளிட்டுப் போக எனக்கு மனசில்ல. ஊருக்கு வெளிய ஹாஸ்டல். பொண்ணு தனியா. ஏதாவது ஆயிட்டா? எந்த அம்மாவுக்கும் வர்ற பயம். அந்த பயத்துக்கு மருந்து என்னன்னுதான் பாக்கணும். பைபாஸ்லருந்து கேட் வரைக்கும் லைட் போடட்டும். கடைசி டவுன் பஸ் நேரத்துக்கு ஸ்டாப்புல ஒரு காலேஜ் வேன் நிக்கட்டும். லேட்டானா கூப்பிட ஒரு நம்பர், அத எடுக்கறதுக்கு ஒரு ஆள். இதெல்லாம் செலவு. கேட்டப் பூட்டறதுக்குச் செலவில்ல. அதனாலதான் பூட்டு ஜெயிக்குது.

எங்க கதை என்னாச்சுன்னு சொல்லாம விட்டா எப்படி.

நான் ஒரு பக்கத்துக்கு ஒரு லெட்டர் எழுதினேன். தமிழ்லதான். திட்டு இல்ல, மிரட்டல் இல்ல. நாலே கேள்வி. ஃபைன் எந்த விதிப்படி, அது ஹாஸ்டல் புக்ல எந்தப் பக்கத்துல இருக்கு? ஃபைன் போடறதுக்கு முன்னாடி மாணவிகிட்ட காரணம் கேட்டது யாரு? பசங்க ஹாஸ்டல்ல கேட் மூடற நேரம் என்ன? லேட்டா வர்ற மாணவிய வெளிய நிறுத்தணும்னு எந்த விதி சொல்லுது? கூடவே பஸ் டிக்கெட் ஜெராக்ஸ், யுஜிசி விதியோட பிரிண்ட் அவுட். அக்காவும் மாமாவும் கையெழுத்துப் போட்டாங்க. ஆபீஸ்ல குடுத்து, காப்பியில சீல் வாங்கிட்டு வந்தாங்க. அந்த சீல் முக்கியம், விட்டுராதீங்க.

யுஜிசி 2023ல கொண்டு வந்த குறைதீர்ப்பு விதிகள்னு ஒண்ணு இருக்கறதையும் கடைசி வரியில எழுதியிருந்தேன். மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளுக்குள்ள அறிக்கை தரணும். அதுல திருப்தி இல்லன்னா பல்கலைக்கழகத்தோட ஆம்பட்ஸ்பர்சன்கிட்ட போகலாம்.

காலேஜ்லருந்து போன் வந்துச்சு. பேசினவர் குரலே வேற மாதிரி, மரியாதையா. 500 ரூபா திரும்பி வந்துச்சு. அவுட்பாஸ் கட்டையும் எடுத்துட்டாங்க. அதவிட எனக்குப் பெருசாப் பட்டது வேற ஒண்ணு: லேட்டா வந்தா முதல்ல கேட்டத் திறந்து உள்ள விடறது, அப்புறம் ரெஜிஸ்டர்ல காரணம் எழுதறதுன்னு மாத்தியிருக்காங்க. ஆறரை மணி மட்டும் இன்னும் ஆறரையாவே இருக்கு. "பரிசீலனையில இருக்கு"ங்கறாங்க. நாங்களும் கேட்டுக்கிட்டே இருப்போம்.

சத்தம் போட்டப்போ மூடின கதவு, எழுத்துல கேட்டப்போ திறந்துச்சு. ரூல் பேசறவங்ககிட்ட ரூல எடுத்துதான் பேசணும்.

அட்மிஷனுக்குப் போறவங்க ரிசப்ஷன்ல பிளேஸ்மென்ட் பேனர் பாக்கறதோட நிறுத்தாம இதையும் கேளுங்க:

ஹாஸ்டல் ரூல் புக்க பீஸ் கட்டறதுக்கு முன்னாடி காட்டுவீங்களா?

கேட் நேரம் ரெண்டு ஹாஸ்டலுக்கும் ஒண்ணா?

லேட்டா வர்ற பிள்ளைய முதல்ல உள்ள விடுவீங்களா?

ராகிங் புகார் வந்தா போலீசுக்கு எழுதறது யாரு? அவர் இன்னிக்கு காலேஜ்ல இருக்காரா?

ஐசிசியில மாணவர் பிரதிநிதிய கடைசியா எப்ப தேர்ந்தெடுத்தீங்க?

ஃபைனுக்கு ரசீது உண்டா? அந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போகுது?

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட சரிபாத்துட்டு கையோட குடுத்துருவீங்களா? (பிடிச்சு வச்சுக்கக்கூடாதுன்னு யுஜிசி 2018லயே சொல்லிருச்சு. டிசி கேட்டா மிரட்டறதுக்கு அதுதான் பிடி.)

இதுக்கெல்லாம் நேரா பதில் சொல்ற காலேஜ் டை கட்டச் சொன்னா, கட்டிக்கலாம். காலையில எட்டு மணிக்கு வரச் சொன்னா, வரலாம். தனக்கும் சேத்து ரூல் வச்சிருக்கற இடத்துல பிள்ளைங்க ரூலுக்கு அடங்கறதப் பத்தி எனக்குக் கவலையே இல்ல.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கேள்விங்கள கேக்கும்போது பிள்ளைய வெளிய உக்கார வச்சுட்டுப் போகாதீங்க. பக்கத்துலயே உக்கார வச்சுக்கிட்டு கேளுங்க. நாளைக்கு அங்க அதுக்கு ஏதாவது ஒண்ணு நடந்தா, கேக்கலாம், நம்ம அப்பா அம்மாவும் கேட்டாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கணும்.